கடைசியா எப்போ வந்தது?

எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். பிரஷர் பார்க்க வருகிறவர்கள், சுகர் மாத்திரைச் சீட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்கிறவர்கள், பேரப்பிள்ளைக்கு அடுத்த ஊசி எப்போது என்று விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முன்வாசல் வழியாக வருவார்கள். நான் இங்கே எழுதப்போகிற விஷயத்துக்காக, அதாவது கருவைக் கலைப்பது பற்றிக் கேட்க வருகிறவர்கள் மட்டும் கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வருவார்கள். அதுவும் விளக்கு வைத்த பிறகு. கதவைத் தட்ட மாட்டார்கள். "சிஸ்டரே..." என்று ஒரு குரல் மட்டும் வரும். என்ன விஷயம் என்று அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் 34 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதை ஊர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை.

வருகிறவளை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு கிளாஸ் கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்போ வந்தது?" ஆள் யார், ஏன் வேண்டாம் என்பதெல்லாம் அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். தேதி மட்டும் எனக்கு உடனே வேண்டும்.

தேதியாக யாரும் சொல்வதில்லை. "மண்டைக்காட்டுக் கொடை கழிஞ்ச மறுநாள்" என்பார்கள். "கோட்டாறு சவேரியார் கோயில்ல கொடியேறின அன்னைக்கு" என்பார்கள். ஒருத்தி, "பால்காரனுக்குத் துட்டு குடுத்த அன்னைக்கு" என்றாள். நான் சுவரில் தொங்கும் காலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுவேன். சிக்கல் அப்போதுதான் வெளியே வரும். "ஒரு மாசந்தான் சிஸ்டரே ஆச்சு" என்று அவள் அடித்துச் சொல்வாள். நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து அவள் எண்ணுகிறாள். மருத்துவக் கணக்கோ கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாளில் தொடங்குகிறது. அவளுடைய ஒரு மாசம் டாக்டருக்கு எட்டு வாரம். மாத்திரையால் கருக்கலைப்பு செய்ய நம் நாட்டு விதிப்படி ஒன்பது வாரம் வரைதான் அனுமதி. இன்னும் நாள் கிடக்கிறது என்று நினைத்து வந்தவளுக்குக் கையில் இருப்பது ஒரே வாரம்.

இந்தக் கணக்கில் நானே ஒருமுறை தோற்றிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு அண்டியாபீஸ்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்டியாபீஸ் என்றால் முந்திரி ஆலை. எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் அங்கே தோடு உடைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள்.

1994. அவளுக்கு மூன்று பிள்ளைகள். நான்காவது தரித்தபோது என்னிடம் வரவில்லை. முன்னால் கம்பவுண்டராக இருந்து பிறகு தானே டாக்டர் ஆகிவிட்ட ஒரு ஆளிடம் போயிருக்கிறாள். நான்காம் மாதம். மூன்றாம் நாள் குளிரும் காய்ச்சலும். ஐந்தாம் நாள் அவள் நாத்தனார் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். அந்த வீட்டுத் திண்ணையில் ஏறும்போதே நாற்றம் வந்தது. பாயில் கிடந்தவளின் கையைத் தொட்டேன், அடுப்பில் கிடந்த கல் மாதிரி சுட்டது. வாடகைக் காரில் பின்சீட்டு முழுக்கப் பழைய சேலைகளை விரித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பையை எடுத்து உயிரை மீட்டார்கள்.

பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனபோது கேட்டேன், "ஏன் பிள்ளே எனக்கிட்ட வரல்ல?"

அவள் என் கையிலிருந்த டைரியைப் பார்த்தாள். "நீங்க என்னைய ஆபரேசனுக்குப் பிடிச்சுக் குடுத்துருவியளோன்னு பயந்தேன் சிஸ்டரே."

அந்த டைரியில் நான் 'கேஸ்' எழுதிக்கொண்டிருந்த காலம் அது. மாதத்துக்கு இத்தனை குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் என்று எங்களுக்கு டார்கெட் இருந்தது. 1996 ஏப்ரலில்தான் மத்திய அரசு அந்த முறையை எடுத்தது. என்னைப் பார்த்தால் பெண்கள் புழக்கடை வழியாக நழுவுவார்கள். நான் அதை அறியாமை என்று நினைத்தேன். கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதித்து 1971-ல் வந்த சட்டம் 1972 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அவளுக்கு இது நடந்தபோது அதற்கு 22 வயது. ஆஸ்பத்திரியில் முறையாகச் செய்யலாம் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. 'பிள்ளை போதும்' என்று நூறுமுறை சொன்னேன். மீறித் தரித்தால் எங்கே போக வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவள் கர்ப்பப்பை போனதில் எனக்கும் பங்கிருக்கிறது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி என் கதை.

2004. எனக்கு வயசு 39. மூத்தவன் பத்தாம் வகுப்பு, இளையவள் ஏழாவது. காப்பர் டி போட்டிருந்தேன், ரத்தப்போக்கு அதிகமானதால் எடுத்துவிட்டேன். வேறு ஏதாவதுக்கு மாற வேண்டும், மாற வேண்டும் என்றே எட்டு மாதம் ஓடிவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம். நாள் தள்ளியபோது, வயசாகிறதல்லவா, நிற்கிற காலம் வருகிறது போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'நாப்பது வயசிலயும் கரு நிக்கும், கேட்டியா' என்று எத்தனையோ பேரிடம் சொன்ன வாய் இது. சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்த அன்றைக்குக் காலண்டரை எடுத்து எண்ணினேன். ஏழு வாரம், இரண்டு நாள். அந்தக் காலத்தில் மாத்திரைக்கு வரம்பு ஏழு வாரம். இரண்டு நாளில் அது போயிற்று.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவில்லை. ஆனால் பிரசவ வார்டிலிருந்து மருந்துக் கிடங்கு வரை அங்கே என்னைத் தெரியாத ஆள் கிடையாது. இரண்டு ஊர் தள்ளி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினாள். "சார் வரல்லியா?"

"இல்ல."

"சார் வந்து கையெழுத்துப் போடணும். இல்லாம டாக்டர் எடுக்க மாட்டாங்க."

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அன்றைக்குச் சென்னை வண்டியில் போயிருந்தார். 18 வயசு நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும், கணவன் கையெழுத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பது எனக்கு மனப்பாடம். அதற்கென்று 'சி' படிவம் என்று ஒன்று இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள் மட்டும்தான். பதினெட்டுக்குக் கீழே என்றாலோ, மனநோய் உள்ளவர் என்றாலோதான் பாதுகாவலர் கையெழுத்து. அங்கன்வாடி டீச்சர்களுக்கு நானே இதை வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தக் கவுண்டர் முன்னால் மட்டும் நாக்கு எழவில்லை. என் பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தாளை நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அவர் வந்து, லீவு சொல்லி, திரும்பப் போவதற்குள் ஆறு நாள் போயிற்று. குளுக்கோஸ் பாட்டில், மயக்க ஊசி, டி அண்ட் சி, அதாவது கருப்பையைச் சுரண்டி எடுப்பது. என் அரை மாதச் சம்பளம். மயக்கம் கொடுப்பதற்கு முன் டாக்டர் சாதாரணமாகக் கேட்டார், "அப்படியே ஆபரேஷனும் பண்ணிடலாமே, ஒரே மயக்கத்துல முடிஞ்சிடும்." நான் சொன்னேன், "வீட்ல யோசிச்சிட்டுச் சொல்லுதேன் டாக்டர்." இதே வார்த்தையை எத்தனை பெண்கள் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! ஒவ்வொரு தடவையும் என் டைரியில் 'மறுப்பு' என்று எழுதியிருக்கிறேன்.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கலைக்க வேண்டுமானால் குடும்பக்கட்டுப்பாடு செய்துகொள், இல்லாவிட்டால் காப்பர் டி போட்டுக்கொள் என்று நிபந்தனை வைக்கக் கூடாது. அரசின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது இது. எல்லா முறைகளையும் எடுத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது என்பதெல்லாம் அவள் பாடு. (எங்கள் வீட்டில் மூன்று மாதம் கழித்து அவரே போய் வாசக்டமி செய்துகொண்டு வந்தார். ரெண்டு நாள் கோயிலுக்கு வராததற்குக் காரணம் கேட்டவர்களிடம் முதுகுவலி என்றார். எங்கள் ஊரில் அது அன்றைக்கு அதிசயம், இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை.)

ரத்தப்போக்கு மூன்று வாரம் நிற்கவில்லை. ஒருநாள் துணை சுகாதார நிலையத்தில் ஊசி போட எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து லேபில் விரலைக் குத்திப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. ஊரெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறவளுக்கு! கலைப்பதற்கு முன்னால் இதை யாரும் பார்க்கவில்லை, பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆகவே இப்போது யாரை அனுப்பினாலும் ஹீமோகுளோபினும் ரத்த குரூப்பும் பார்த்தாயிற்றா என்று கேட்டுத்தான் அனுப்புகிறேன். நெகட்டிவ் குரூப் என்றால், அடுத்த பிள்ளையின் ரத்தத்துக்குக் கேடு வராமல் காக்கிற ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்கிறேன்.

சில வருஷம் கழித்து ஒரு பயிற்சியில் எம்.வி.ஏ., அதாவது கையாலேயே உறிஞ்சிக் கருவை எடுக்கும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையால் இயக்குகிற பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்ச், 60 மில்லி. அதன் நுனியில் வளைகிற ஒரு மெல்லிய குழாய். கரண்ட் வேண்டாம், முழு மயக்கம் வேண்டாம், கருப்பை வாயைச் சுற்றி மரத்துப்போக ஒரு ஊசி. அந்தப் பெண் விழித்திருந்தாள், நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் அவள் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று பேசி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பிறகு டாக்டர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. வெளியே வந்ததை ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெள்ளை வெள்ளையாகப் பூம்பஞ்சு போல நிற்கிறதா என்று பார்த்தார். எல்லாம் வந்துவிட்டது என்று அப்படித்தான் உறுதிசெய்வார்கள். அன்று சாயங்காலமே அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

என்னைச் சுரண்டியது உலோகக் கரண்டி. அதைக் கைவிட்டு உறிஞ்சி எடுக்கும் முறைக்கு மாறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பல வருஷமாகச் சொல்கிறது. 2022 மார்ச்சில் வந்த அவர்களுடைய வழிகாட்டுதலிலும் அதுவே இருக்கிறது. 14 வாரத்துக்குள் என்றால் உறிஞ்சும் முறை, அல்லது மாத்திரை. இன்னொருவர் அனுமதி வாங்கி வா, இத்தனை நாள் யோசித்துவிட்டு வா என்பதெல்லாம் மருத்துவத்துக்குத் தேவையில்லாத தடைகள், எடுத்துவிடுங்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. படித்தபோது என் பர்ஸில் நாலாக மடித்து வைத்த தாள் ஞாபகம் வந்தது. ஆகவே டாக்டரிடம், "டி அண்ட் சி-யா, சக்ஷனா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற டாக்டரும் உண்டு. கேட்டதற்காக உடம்புக்கு ஒன்றும் வந்துவிடாது.

அங்கே நான் பார்க்கத் தவறிய இன்னொன்று, சுவர். தனியார் ஆஸ்பத்திரியில் கருக்கலைப்பு செய்ய மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தச் சான்றிதழ் 'பி' படிவம், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. செய்கிறவர் மகப்பேறு மருத்துவராகவோ அதற்கென்று பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டராகவோ இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியரும் ஆரம்ப வாரங்களில் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை, நம் சட்டத்தில் அது இல்லை. ஆகவே என்னைப் போன்றவள் அடுக்களையில் வைத்து மாத்திரை கொடுத்தால் அது குற்றம். நான் கொடுப்பதில்லை. கருப்பட்டிக் காப்பியும் காலண்டரும் மட்டும்தான்.

2023-ல் ஐப்பசி மழை கொட்டிய ஒரு ராத்திரி ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் ரப்பர் பால் வெட்டப் போகிறவள். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம், வயது 20. அரிக்கேன் விளக்குக் காலமாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, டியூப் லைட் வெளிச்சத்தில் அவள் உதடு வெளுத்திருந்தது பளிச்சென்று தெரிந்தது. கூடப் படிக்கிற பையன் எங்கேயோ மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறான். 19 நாளாக ரத்தம்.

"எப்படி மக்ளே முழுங்கினா?"

"அஞ்சையும் ஒண்ணா."

அந்த அட்டையில் ஐந்து மாத்திரை இருக்கும். முதலாவது தனி மருந்து, மற்ற நாலும் வேறு மருந்து. நடுவில் ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் இடைவெளி வேண்டும். எத்தனை வாரம், கரு கருப்பைக்குள் இருக்கிறதா இல்லை குழாயில் தங்கிவிட்டதா, ரத்தசோகை உண்டா, காப்பர் டி உள்ளே கிடக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் டாக்டர் எழுதுவார். குழாயில் தங்கிய கருவுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பிள்ளையிடம் எதையும் யாரும் பார்க்கவில்லை. அவள் எண்ணிய வாரக் கணக்கும் தப்பு, வழக்கம்போலத் தள்ளிப்போன நாளிலிருந்து.

எவ்வளவு ரத்தம் போனால் ஓட வேண்டும் என்பதை அன்றைக்கு அந்தத் தாய்க்குச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். பெரிய பேடு மணிக்கு இரண்டு முழுக்க நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணி நேரம் போனால் உடனே 108. காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினாலும், கெட்ட வாடை அடித்தாலும், மயக்கம் வந்தாலும், வயிற்றுவலி மாத்திரைக்கும் அடங்காமல் ஏறினாலும் விடிய வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டாவது மருந்து போட்டு 24 மணி நேரத்தில் ரத்தமே வரவில்லை என்றாலும் போக வேண்டும். ரத்தம் வந்தால்தான் ஆபத்து என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

தாய்க்கு வெப்ராளம் வேறு. "ஆசுபத்திரிக்குக் கொண்டு போனா போலீசுக்குச் சொல்லுவாங்களா சிஸ்டரே? ஸ்கேன் சென்டர்ல எல்லாம் போர்டு வச்சிருக்கே, குத்தம்னு." அது பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கு எதிரான போர்டு, 1994-ல் வந்த வேறு சட்டம். அந்தப் போர்டைப் பார்த்தே கருக்கலைப்பு முழுக்கக் குற்றம் என்று நம்புகிற படித்தவர்களும் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் என்று 2011 கணக்கெடுப்பைச் சொல்லி மார்தட்டுவோம், இதில் மட்டும் பூஜ்யம். இருபது வயசுப் பிள்ளையைப் பற்றிப் போலீசுக்குச் சொல்ல வேண்டிய சட்டம் எதுவும் இல்லை. கல்யாணம் ஆகாததும் தடையில்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தில் 'திருமணமான பெண், அவள் கணவன்' என்றிருந்ததை 'பெண், அவள் துணை' என்று மாற்றிவிட்டார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றமும், 20 வாரத்திலிருந்து 24 வாரம் வரைக்கான விதியில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்று பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

பதினெட்டுக்குக் கீழே என்றால் விஷயம் வேறு. சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி டாக்டர் தகவல் கொடுத்தாக வேண்டும். ஆனால் பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. போலீசுக்குப் பயந்து போலி டாக்டரிடம் கொண்டுபோவதைவிட இது எவ்வளவோ மேல்.

மறுநாள் காலையில் நானும் கூடப் போனேன். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "கல்யாணம் ஆச்சா?" என்றார். பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். எனக்கு 2004 கவுண்டர் கண்முன் வந்தது. இந்தத் தடவை நாக்கு எழுந்தது. "தம்பி, சீட்டுல வயசும் பேரும் தான் எழுதணும். மத்தது டாக்டர் கேப்பாங்க." உள்ளே இருந்த இளம் டாக்டரம்மா நாங்கள் நுழைந்ததும் எழுந்து தானே கதவைச் சாத்தினார். அந்த ஒரு செய்கைக்காக அவருக்கு என்ன கொடுத்தாலும் தகும். மிச்சம் இருந்ததைச் சக்ஷன் செய்து எடுத்தார்கள், ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். செலவு எதுவும் இல்லை.

கருக்கலைப்பு செய்துகொண்டவளின் பெயரையோ விவரத்தையோ சட்டம் அனுமதித்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் சொன்னால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2021 திருத்தத்தில் சேர்த்தது. அந்தப் பதிவேடும் ரகசிய ஆவணம். எங்கள் மாவட்டத்தில் ஊரும் ஊரும் ஒட்டிக்கிடக்கும், ஒரு வீட்டில் இருமினால் அடுத்த பஞ்சாயத்தில் கேட்கும். இதற்குப் பயந்தே மேற்கே உள்ளவர்கள் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று போகிறார்கள். போகட்டும், அங்கேயும் இதே சட்டம்தான். ஆனால் அந்த அலைச்சலில் ஒரு வாரம் போகிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் தக்கலை தலைமை ஆஸ்பத்திரியிலும் மகப்பேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

இதை எழுதுவது சபையில் சிலருக்குப் பிடிக்காது. நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள்தான், யாருடைய விசுவாசத்தோடும் வழக்காட வரவில்லை. மனசாட்சிப்படி செய்ய மாட்டேன் என்று ஒரு டாக்டர் சொல்லலாம், கத்தோலிக்க ஆஸ்பத்திரிகள் செய்வதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'இங்க செய்ய மாட்டோம்' என்பதோடு நிறுத்தாமல், 'அங்க போங்க' என்று ஒரு இடத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினால் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லாமல் அனுப்பினால் அவள் மூன்று வாசல் ஏறி இறங்குவாள், ஏழு வாரம் பதினொன்று ஆகும். உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் எந்த டாக்டரும் கையை விரிக்க முடியாது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். நம் சட்டம் 'பெண் கேட்டாள், செய்துகொடு' என்று எழுதப்பட்டதல்ல. உடம்புக்கோ மனசுக்கோ கடுமையான பாதிப்பு வரும் என்று டாக்டர் நல்லெண்ணத்தோடு முடிவு செய்ய வேண்டும். கருத்தடை தவறித் தரித்தால் அது மனசுக்குப் பாதிப்பு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். 20 வாரம் வரை ஒரு டாக்டர், அதிலிருந்து 24 வரை இரண்டு டாக்டர், அதுவும் சில நிலைகளில் மட்டும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கருவில் குறை உள்ளவர்கள் என்று போகிறது அந்தப் பட்டியல்.

அந்தக் கடைசி வகையில் ஒன்று எங்கள் தெருவிலேயே நடந்தது. ஐந்தாம் மாத ஸ்கேனைப் பணமில்லை, மழை என்று தள்ளித்தள்ளி எடுத்தபோது 21 வாரம். பிள்ளைக்கு மண்டையோடு வளரவில்லை. போன இடத்தில், "20 வாரம் தாண்டிட்டு, கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று திருப்பிவிட்டார்கள். திருத்தம் வந்து ஒரு வருஷம் ஆன பிறகு இது! வேறு இடத்தில் இரண்டு டாக்டர்கள் கையெழுத்திட்டு முடித்தார்கள். 24-ஐத் தாண்டியிருந்தால்கூடப் பெரிய குறை என்றால் மருத்துவக் குழு அனுமதிக்கலாம், அதற்கு வார வரம்பு கிடையாது. அந்தக் குழு மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பெண் விரும்பிச் சுமந்த பிள்ளை அது. வீட்டுக்கு வந்தபிறகு பால் கட்டிக்கொண்டு அழுதாள். பால் வரும் என்று அவளிடம் யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை.

நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி இரண்டு நாள் லீவு போட்டேன் 2004-ல். ஆலையிலும் கம்பெனியிலும் வேலை செய்கிறவர்களுக்கு, கரு சிதைந்தாலும் சட்டப்படி கலைத்தாலும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் உண்டு. டாக்டர் சான்று கொடுத்தால் போதும். அண்டியாபீஸில் இதை வாங்கியவள் ஒருத்தியையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் காரணம். எட்டு, பத்து நாளிலேயே அடுத்த கருமுட்டை வெளிவரலாம், அடுத்த மாதவிடாய் வரட்டும் என்று காத்திருந்தால் மறுபடியும் அடுக்களை வாசல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவேன். கருத்தடை மாத்திரை, அந்தரா என்கிற கருத்தடை ஊசி, காப்பர் டி, ஆணுறை, எது வேண்டுமோ அது.

போன மாதம் ஒருநாள் விளக்கு வைத்த பிறகு கிணற்றடியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆம்பிளைச் செருப்பு. வெளியே எட்டிப் பார்த்தேன். தெரிந்த பையன்தான், அவனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் சொட்டு மருந்து கொடுத்தேன். கடலுக்குப் போகிறவன். வாசல்படியில் ஏறாமலே நின்றான்.

"எனக்க வீட்டுக்காரிக்கு... சின்னவனுக்கு ஒரு வயசு ஆகல்ல சிஸ்டரே. அவளுக்கு இப்ப முடியாதுன்னு சொல்லுகா. நான் ரெண்டு நாள்ல போட்டுல ஏறணும், ஏறினா ஒரு மாசம் ஆவும் வர. அதுக்கு முன்ன எங்க கையெழுத்துப் போடணும்னு சொன்னியள்னா போட்டுட்டுப் போவேன்."

"உனக்க கையெழுத்து எங்கயும் வேண்டாம். அவ கையெழுத்துப் போட்டா போதும். நீ நாளைக்குக் காலையில பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவகூடப் போ. வெளிய உக்காந்திரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கடைசியா எப்போ வந்ததுன்னு அவகிட்டக் கேட்டுட்டு வா, எண்ணிப் பாக்கணும்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். ஐஸ் பில்லின் பின்பக்கம், பால்பாயிண்ட் பேனாவில் ஒரு தேதி, அதன் கீழே '5 வாரம் 4 நாள்'. நான் காலண்டரை இறக்கி மடியில் வைத்து எண்ணினேன். இன்னொரு தடவை எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.